எதிரே ஒரு தட்டு

தையலக்கா சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. பாதித் தெருவுக்குத் துணி தைத்துக் கொடுத்தவள் அவள். அவள் நூலைக் கடிப்பதைப் பார்த்திருக்கிறார்கள், ஒரு வாய் சோறு தின்பதைப் பார்த்ததில்லை. பஸ் ஓட்டும் கணவருக்கு மேசையில் பரிமாறுவாள். அவர் எழுந்து போனபின், பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள், காது மட்டும் முன்னறைப் பக்கமே இருக்கும். யாரும் சட்டம் போடவில்லை, அப்படியே பழகிப்போனது. கேட்டால், "உக்காந்து சாப்பிட்டா எனக்கு இறங்காது" என்று சிரிப்பாள். பச்சைப் பொய்.

பக்கவாதம் வந்து அவருடைய வலக்கையையும் பேச்சையும் ஒருசேரக் கொண்டுபோனது. எதை விழுங்கினாலும் நுரையீரலுக்குள் போய்விடும் என்று மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். அன்று முதல் வீட்டில் தாளிக்கும் வாசனைகூட எழாமல் பார்த்துக்கொண்டாள். அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ தின்று, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் அவர் பக்கத்தில் போவாள். ஒரு வாய் தண்ணீருக்கு வழியில்லாத மனிதர் முன்னால் மென்று காட்டுவதா? அவளுக்கு மனசு வரவில்லை.

பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி கொடுக்க வந்த தெரபிஸ்ட் பெண், அவர் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தாள். வாய் காய்ந்து கிடந்தது.

"எச்சில் ஊறினாத்தானே அக்கா, அதை முழுங்கிப் பழகுவாரு? சோத்தையே கண்ணுல காட்டலைன்னா எப்படி ஊறும்? இனிமே அவர் எதிர்ல உக்காந்துதான் நீங்க சாப்பிடணும்."

தையலக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவர் எதிர்லயா? நானா?"

"நீங்கதான். அடுத்த மாசம் எக்ஸ்ரேல முழுங்கவெச்சுப் பார்ப்பாங்க. தேறிட்டாருன்னா குழாயை எடுத்துடலாம்."

குழாய் போகும் என்றால் அவள் எதற்கும் தயார். தட்டோடு உட்கார்ந்தாள். முதல் நாள் நிஜமாகவே இறங்கவில்லை. இத்தனை காலம் சொன்ன பொய் பலித்துவிட்டது. அவர் கண்ணெடுக்காமல் அவள் கையையே பார்த்தார். எச்சிலை விழுங்கியதில் அவர் குரல்வளை ஏறி இறங்கியது. அதைக் கண்டதும் அவளுக்கு உயிர் வந்தது. தினமும் உட்கார்ந்தாள், துணி தைத்து முடிக்கிற அதே அவசரத்தோடு தட்டைக் காலி செய்தாள்.

எக்ஸ்ரே அன்று கொடுத்த ஒரே ஒரு கரண்டி கூழ் வழிமாறி நுரையீரல் பக்கம் இறங்கியது. அவருக்கு இருமல்கூட வரவில்லை. அதுதான் ஆபத்து என்றார்கள். மூக்குக் குழாயை எடுத்து, வயிற்றில் நிரந்தரமாக ஒன்றை வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வந்த அன்றே தையலக்கா தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பலிக்காத வைத்தியத்துக்காக இனி எதற்கு அந்தக் கொடுமை?

முன்னறையில் மேசையைத் தட்டும் சத்தம். பதறிக்கொண்டு ஓடிவந்தாள். அவர் இடக்கையால் எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"வேணாங்க. இனிமே என்னத்துக்கு?"

மறுபடி தட்டினார். விடுகிற ஆளா அவர்?

தட்டோடு வந்து உட்கார்ந்தாள். சீக்கிரம் முடித்துத் தொலைத்தால் போதும் என்று, கண்ணீரும் சோறுமாக அள்ளி அள்ளி விழுங்கினாள். அவர் கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. வாய் கோணியது, உதடு நடுங்கியது. நோயில் விழுந்தபின் முதல் சொல் வந்தது.

"மெ... மெதுவா."

இத்தனை வருஷத்தில் அதை அவளிடம் யாரும் சொன்னதில்லை. எடுத்த கவளத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.