அலை மூன்று

அந்தமானில், ஹட் பேயில் பாமாயில் தோட்டம் வருவதற்கு முந்தைய காலம். கப்பல் அணைய ஜெட்டி கிடையாது. கப்பல் தள்ளிக் கடலில் நிற்கும். சின்னப் படகு போய் ஆளையும் சாமானையும் இறக்கி வரும். அலை பெரிதாக இருந்தால் படகு போகாது. கப்பல் அப்படியே கார் நிக்கோபார் பக்கம் போய்விடும். சுற்றிக்கொண்டு திரும்ப வரப் பன்னிரண்டு நாள் ஆகும்.

வெளியே நிற்கிற கப்பலுக்குக் கரையில் உடைகிற அலை தெரியாது. கரையிலிருந்து யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் ரோடு போடுகிற வேலையில் கூலி. வானிலைக்கு என்று அங்கே ஆபீஸ் இல்லை. போலீஸ் ஒயர்லெஸ்காரர் ஒருநாள் இவரைப் பார்த்து, "காலையில எந்திரிச்சதும் கடலைப் பாத்துக்கிட்டுத்தானே நிக்கிற? பாத்ததை எனக்கும் சொல்லு" என்றாராம். அப்படி ஆரம்பித்தது. சம்பளம் இல்லை.

மழைக்கு ஒரு பால் பவுடர் டின், ஒரு மர ஸ்கேல். காற்றுக்கு அடுப்புப் புகை. அலைக்குக் கரையோரத்தில் ஒரு கரும்பாறை. அதில் படி மாதிரி மூன்று மடிப்பு. முதல் மடிப்பை அலை மூடினால் ஒன்று. மூன்றாவதையும் மூடினால் மூன்று. மூன்று என்றால் படகு இறங்காது.

மற்றத் தீவுகளிலும் இப்படி ஆட்கள் இருந்தார்கள். மாயாபந்தரில் ஒரு பெங்காலி வாத்தியார். கார் நிக்கோபாரில் சரக்குப் படகு ஓட்டுகிற ஒரு நிக்கோபாரி. காலை ஏழு மணிக்கு அவரவர் ஊர் ஒயர்லெஸ் அறைக்கு வந்து சொல்வார்கள். ஒருவர் சொல்வது எல்லாருக்கும் கேட்கும். யாரும் யாரையும் பார்த்ததில்லை. குரல் மட்டும் பழக்கம். பேச்சு ஹிந்தியில். நான் தமிழில் எழுதுகிறேன்.

தென்மேற்குப் பருவத்தில் மழை தெற்கேயிருந்து ஏறி வரும். கார் நிக்கோபாரில் பெய்தது அனேகமாக மறுநாள் எங்களுக்குப் பெய்யும். அதனால் நிக்கோபாரி கேட்பார்.

"நேத்து அனுப்பின மழை வந்து சேந்துச்சா?"

"வந்துச்சு. வழியில பாதியை எவனோ எடுத்துக்கிட்டான்" என்பார் இவர்.

"எனக்கு அனுப்பாதீங்கப்பா, ஸ்கூல் கூரை ஒழுகுது" என்பார் வாத்தியார்.

எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. காதில் சீழ் வடிந்தது. பிறகு கூப்பிட்டால் திரும்பவில்லை. பின்னால் நின்று சாப்பாட்டுத் தட்டைத் தட்டிப் பார்த்தேன். திரும்பவில்லை. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். எனக்குக் கைக்குழந்தை. அவர்தான் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினார்.

புறப்படும்போது ஸ்கேலை என் கையில் கொடுத்தார்.

"ரெண்டு தடவை பாரு புள்ள. ஒருக்கா பாத்துட்டு, வெத்தலை போடுற நேரம் விட்டு மறுபடி பாரு. எது பெருசோ அதைச் சொல்லு."

"எனக்கு என்னங்க தெரியும்?"

"மூணு வரைக்கும் எண்ணுவேல்ல?"

மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எண்ணுவேன்.

தினமும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். ஒயர்லெஸ்காரரிடம் சொல்வேன். அவர் மைக்கில் சொல்வார். முதல் நாள் வாத்தியார் கேட்டார், "ஹட் பே ஆளு எங்கே, சத்தத்தையே காணோம்?"

"அவர் போர்ட் பிளேர்ல. பாபி வந்திருக்காங்க" என்றார் ஒயர்லெஸ்காரர். ஹிந்தியில் பாபி என்றால் அண்ணி.

"அப்ப இனிமே அளவு சரியா இருக்கும்" என்றார் நிக்கோபாரி. எல்லாரும் சிரித்தார்கள். நான் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. கேட்டுக்கொண்டு நிற்பேன்.

ஒரு கடிதம் வந்தது. ஆபரேஷன் முடிந்தது, கட்டுப் பிரித்ததும் அடுத்த கப்பலில் வருகிறோம், கேட்குமா கேட்காதா என்று கட்டுப் பிரித்தால்தான் தெரியும் என்று எழுதியிருந்தார். அடுத்த கடிதம் வந்தாலும் அதே கப்பலில்தான் வர வேண்டும். ஒயர்லெஸ்ஸில் சொந்தச் சேதி பேசக் கூடாது. நானும் கேட்கவில்லை.

கப்பல் வந்த அன்று காலையில் தூறல். கப்பல் வெள்ளையாகத் தள்ளி நின்றது. கரையில் ஊரே நின்றது. நான் பாறையைப் பார்த்தேன். இரண்டாவது மடிப்பு நனைந்தது. மூன்றாவது காய்ந்திருந்தது.

இரண்டு. இரண்டு என்றால் ஆளை இறக்குவார்கள்.

போய்விடலாம் என்று திரும்பினேன். நாலு எட்டு நடந்தேன். பிறகு நின்று, குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஆறேழு அலை சும்மா போனது. அடுத்தது மூன்றாவது மடிப்பின் மேல் ஏறி இறங்கியது. அதற்கு அடுத்ததும் ஏறியது.

சின்னப் பிள்ளைகளைக் கயிற்று ஏணியில் கைமாற்றித்தான் படகில் இறக்குவார்கள். ஒரு கை விட்டு இன்னொரு கை பிடிக்கிற நேரத்தில் படகு கீழே போய்விடும்.

ஒயர்லெஸ் அறைக்குப் போனேன்.

"பாபி, எவ்வளவு?"

"மூணு."

அவர் எழுதவில்லை. "கப்பல்ல யாரு இருக்காங்கன்னு தெரியும்ல?"

"தெரியும். மூணு."

அவர் மைக்கில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கப்பல் ஒருமுறை ஊதிவிட்டுத் தெற்கே திரும்பியது. மேல்தட்டில் ஆட்கள் தெரிந்தார்கள். முகம் தெரியவில்லை.

கரையில் டீக்கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "வெங்காயம் தீந்து எட்டு நாளாச்சும்மா. ரெண்டுன்னு சொன்னா உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"படகுல நீங்க போறீங்களாண்ணே?"

"எனக்கு நீச்சல் தெரியாதே."

வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன். நாலு பேருக்கு என்று முந்தின நாளே ஊறப்போட்ட பருப்பு இருந்தது. அதையும் வேகவைத்தேன்.

மறுநாள் ஏழு மணிக்குப் போனேன். முதலில் மாயாபந்தர். வெயில். அடுத்து கார் நிக்கோபார்.

"காத்து தென்மேற்கு. அலை ஒண்ணு. மழை முக்கால் இன்ச்" என்றார் நிக்கோபாரி. வழக்கமாக அதோடு முடிப்பார். அன்று முடிக்கவில்லை.

"இன்னொரு அளவும் எடுத்தேன். நேத்து சாயங்காலம் சரக்கு இறக்கக் கப்பலுக்குப் போனேன். மேல்தட்டுல ஒரு சின்னப் பொண்ணு, காதுல பஞ்சு. அப்பாகிட்ட பேரு கேட்டுக்கிட்டுப் பின்னால நின்னு கூப்பிட்டேன். திரும்பிச்சு. சரக்கெல்லாம் எறக்கிட்டு வந்து மறுபடி கூப்பிட்டேன். திரும்பிச்சு. ரெண்டு தடவை பாத்தாச்சு."

முந்தின நாள் நான் வெளியே போன பிறகு எங்கள் ஒயர்லெஸ்காரர் நிக்கோபாரியிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மைக்கை என் பக்கம் தள்ளினார்.

"இன்னைக்கு நீங்களே சொல்லுங்க பாபி."

குழந்தை மைக்கைப் பிடிக்க வந்தது. கையை விலக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஹட் பே" என்றேன். "காத்து தென்மேற்கு. அலை ரெண்டு. மழை முக்கால் இன்ச்."

"சரி" என்றது நிக்கோபாரியின் குரல்.

"நீங்க அனுப்பின மழை வந்து சேந்துச்சு" என்றேன். "முழுசா வந்துச்சு."

கப்பல் திரும்பி வர இன்னும் பதினோரு நாள் இருந்தது. டின்னில் அளந்த மழையைக் கொட்டாமல் வந்தது ஞாபகம் வந்து, வீட்டுக்கு நடந்தேன்.