தெருவைப் பச்சையாக்கிய மைக்

பெயிண்ட் கடைக்காரரை அந்தத் தெருவில் மைக் என்றால்தான் தெரியும். நாலு பேர் கூடினால் போதும், தொண்டையைச் செருமுவார். குழாயடிச் சண்டையைக்கூட “பெரியோர்களே” என்று ஆரம்பித்துத்தான் தீர்க்கப் போவார், சண்டை இரட்டிப்பாகும். குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். இது குடமே இல்லை, வெறும் மூடி. தெருச் சங்கத்துக்கு இவர்தான் தலைவர்.

தெருமுனை கிளினிக் டாக்டரம்மா ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார். ரத்த அழுத்தம் பார்க்கும் கைப்பட்டையை ஒவ்வொரு தெருச் சங்கத்திடமும் கொடுத்துவிடுவது. சங்கத்து ஆள் வீடு வீடாகப் போய்க் கட்ட வேண்டும். போனில் நோயாளி பெயரைத் தொட்டால் அளவு நேராக கிளினிக் திரைக்குப் போய்விடும். சரியாக இருந்தால் பச்சை, ஏறியிருந்தால் சிவப்பு. நல்ல ஏற்பாடுதான். இவர் கையில் கொடுத்ததுதான் குரங்கு கையில் பூமாலை.

பக்கத்துத் தெருச் சங்கத் தலைவரான மர மில்காரர் ஒருநாள் கடைக்கு வந்தார். “என்ன தலைவரே, உங்க தெரு பூரா செவப்பாமே. எங்க தெரு பச்சைப்பசேல்னு இருக்கு” என்று பல்லைக் காட்டிவிட்டுப் போனார்.

மைக்குக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சிவந்தவர்களை மருந்து சாப்பிட வைக்கலாம், உப்பைக் குறைக்கச் சொல்லலாம். அதற்கு மெனக்கெட வேண்டுமே. இவருக்கோ எருமை உடம்பு, அழுத்தம் ஏறியதே கிடையாது. தன் கையில் பட்டையைக் கட்டினார், சிவப்பிலேயே இருந்த மனைவி பெயரைத் தொட்டார். பச்சை. ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா?

“எனக்குப் பாக்க வேண்டியதை நீங்க ஏன் கட்டிக்கிறீங்க?” என்று மனைவி கேட்டாள்.

“புருஷன் பொண்டாட்டி ஒண்ணுதானே.”

“அப்ப மாத்திரையையும் நீங்களே முழுங்குங்க.”

டாக்டரம்மாவுக்கும் அவள் கையைத் தொட்டுப் பார்க்க நேரமில்லை. திரை பச்சையாகவே இருக்கிறதே என்று இரண்டு மாத்திரையை ஒன்றாகக் குறைத்தார். மைக் அதைச் சங்கக் கூட்டத்தில் தன் சாதனையாக முழங்கினார். பேச்சு முடிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த மாதம் துணி காயப்போடும்போது மனைவி சரிந்து விழுந்தாள். கிளினிக்குக்குத் தூக்கி வந்தார்கள். தலை வெடிக்கிறது என்று முனகினாள். அங்கே நர்ஸ் அவளுடைய தங்கைதான். பம்ப் வைத்த பழைய கருவியால் அளந்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

“எகிறிக் கெடக்கு டாக்டர்.”

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். நேற்றுவரை பச்சை. மைக் பக்கம் திரும்பினார்.

“இது இன்னைக்குத் திடீர்னு ஏறினதா, பல நாளா இப்படியே இருக்கா? பல நாளா இருந்ததை வேகமா எறக்கினா மூளைக்கு ஆபத்து. தெரிஞ்சாதான் மருந்து குடுக்க முடியும்.”

மைக் தொண்டையைச் செருமினார். “நவீன கருவிகளைப் பொறுத்தவரைக்கும் டாக்டர்...”

“மாமா, இங்க கூட்டம் நடக்கல” என்றாள் நர்ஸ். “அக்காவுக்கு எப்பலேருந்து இப்படி?”

கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் தெருக்காரர்கள். ஒரு பக்கம் பெண்டாட்டி உயிர், இன்னொரு பக்கம் பெஞ்சு. மனிதர் பெஞ்சைத்தான் பார்த்தார்.

கண்ணைத் திறக்காமலே அவள் சொன்னாள். “அந்தப் பச்சை பூரா அவரு கை. எனக்குக் கட்டிப் பல மாசமாச்சு.”

டாக்டரம்மா மெதுவாக இறக்கும் மருந்தைக் கொடுத்தார். பிறகுதான் கேட்டார், “வேற யாருக்கெல்லாம் உங்க கையைக் கட்டினீங்க?”

“ஏதோ சில வீடுதான். எல்லாம் தெருவோட நல்ல பேருக்காக...”

“எந்தெந்த வீடு?”

மைக் பெஞ்சில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“செவப்பா இருந்த வீடெல்லாம்தான்டி” என்றாள் மனைவி, தங்கையிடம். “போய்க் கதவைத் தட்டு. எந்திரிச்சு வந்து தொறக்க முடியாதவங்களை முதல்ல பாரு.”

நர்ஸ் பழைய கருவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளால் வாசலைத் தாண்ட முடியவில்லை. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.