முன் சீட்டில் ஒரு தூக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மாம்பழச் சாலையில் ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் என் காரை ஓரங்கட்டச் சொன்னார்.

சீட் பெல்ட் போட்டிருந்தேன். பேப்பரெல்லாம் சரியாக இருந்தது. என் கவலை வேறு — கண்ணாடியை இறக்கினால் உள்ளே இருக்கிற குளிர் போய்விடுமே. ஒரு விரல் நுழைகிற அளவுக்கு மட்டும் இறக்கினேன்.

"ரொம்ப நேரமா பாக்குறேன் சார். இந்தப் பக்கம் போறீங்க, திரும்ப வரீங்க, மறுபடி போறீங்க. அட்ரஸ் எதுவும் தேடுறீங்களா?"

உதட்டில் விரலை வைத்துப் பக்கத்து சீட்டைக் காட்டினேன். என் மனைவி வசந்தா, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து பார்த்தார். சத்தமே இல்லாமல் கையை மட்டும் ஆட்டிப் போகச் சொன்னார். அவர் வீட்டிலும் யாரோ தூக்கம் வராமல் கஷ்டப்படுகிறார்கள் போலிருக்கிறது.

ஒருவர் தூங்குவதற்காக இன்னொருவர் ஊர் சுற்றுவாரா என்று கேட்கிறீர்களா? சுற்றுவார். சொல்கிறேன்.

வசந்தா ஸ்கூலில் கணக்கு டீச்சர். ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். மீதிப் பேருக்கு அவளிடம் பயம். அப்படிப்பட்டவளுக்குக் கொஞ்ச காலமாகத் தூக்கம் இல்லை. பெண்களுக்கு வருகிற அந்த வயது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு திடீரென்று அடுப்பு மாதிரி கொதிக்கும். அடுத்த நிமிடம் வேர்த்து, புடவை நனைந்து, குளிரும்.

இது நோய் இல்லை, கொஞ்ச நாள் படுத்தும், தானாகப் போய்விடும் என்றார் டாக்டரம்மா. மாத்திரையும் கொடுத்தார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று கணக்கு டீச்சர் கேட்டாள். அதற்கு மட்டும் டாக்டரம்மாவிடம் விடை இல்லை.

பெட்ரூமில் ஏசி இருக்கிறது. போட்டால் கொதிப்பு அடங்கும், தூக்கம் வராது. ஒரு நாள் ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள். நான் என் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவளே ஒரு வாய் வைத்துப் பார்த்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கு வகுப்பில் போர்டில் போட்ட கணக்கு பாதியில் மறந்துபோய், பிள்ளைகள் முன்னால் சாக்பீஸும் கையுமாக நின்றாளாம்.

"எனக்கு ஒண்ணும் வேணாங்க. ஒரே ஒரு தடவ நல்லாத் தூங்கணும்" என்றாள். எனக்கு அப்போது பயமாக இருந்தது.

கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினாய், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"நம்ம கார்ல. ஜீயபுரத்துலேர்ந்து வரும்போது."

அவள் அக்கா வீடு ஜீயபுரத்தில். மகள் சிறு பெண்ணாக இருந்த காலத்தில், ஞாயிறு என்றால் அங்கேதான் மதியச் சாப்பாடு. திரும்பும்போது, கார் முத்தரசநல்லூர் வருவதற்குள் வசந்தாவின் தலை முன் சீட்டில் சாய்ந்துவிடும். ஒரு பக்கம் வாழைத் தோட்டம், இன்னொரு பக்கம் மரங்களுக்கு நடுவே விட்டு விட்டுத் தெரிகிற காவிரி, உள்ளே ஒரே சுதியில் முனகுகிற ஏசி... சத்திரம் பஸ் ஸ்டாண்ட் இரைச்சல்கூட அவளை எழுப்பாது. காவிரிப் பாலத்தில் ஏறும்போதுதான் கண்ணைத் திறந்து, "அதுக்குள்ள வந்துட்டமா?" என்பாள். வாரா வாரம் அதே கேள்வி.

அந்தக் கார் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் ஏசிதான் செத்து வெகுகாலம் ஆயிற்று. அதனால் முதலில் வாடகைக் காரில் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். தம்பி மகனின் புதுக் காரில் போய்ப் பார்த்தேன் — அதில் ஏசி போட்டால் ஊட்டி. இரண்டிலும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு வந்தாள். பழைய கார் சீட் அவள் உடம்புக்கென்றே குழிந்தது. அந்த முனகல் அவள் காதுக்குப் பழகியது. தூக்கத்துக்கும் புது இடம் என்றால் கூச்சம் வரும்போல.

சரி, செத்த ஏசிக்கு உயிர் கொடுப்பது என்று முடிவெடுத்தேன்.

மன்னார்புரத்தில் கார் ஏசி மெக்கானிக் செல்வராஜின் கடை. ஊருக்கெல்லாம் குளிரை விற்கிறார், கடையில் ஒரு ஃபேன் இல்லை. கர்ச்சீப்பால் விசிறிக்கொண்டே வந்து பானட்டைத் திறந்தவர், பழைய கிளாஸ்மேட்டைப் பார்த்த மாதிரி சிரித்தார். இது பழைய குளிர் கேஸில் ஓடின ஏசி, அந்த கேஸ் இப்போது வருவதே இல்லை, புது கேஸுக்கு மாற்ற வேண்டும் என்றார்.

அதை விட்டுவிட்டு இதை நிரப்புவதுதானே? அவ்வளவு சுலபம் இல்லையாம். பழைய கேஸுக்கு ஒரு ஆயில், புது கேஸுக்கு வேறு ஆயில். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. உள்ளே இருக்கிற பழைய ஆயிலைச் சுத்தமாகக் கழுவி எடுக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சுகிற டப்பா ஒன்று இருக்கிறது, அதைப் புதிதாகப் போட வேண்டும். ரப்பர் வளையங்கள், கேஸ் ஏற்றுகிற வாய் எல்லாமே மாற வேண்டும்.

பழைய கேஸ் வானத்தில் ஓசோனைக் கெடுக்கிறது என்று உலகமே சேர்ந்து அதை நிறுத்திவிட்டது. நியாயம்தான். ஆனால் ஜீயபுரம் ரோட்டில் ஒரு கணக்கு டீச்சர் தூங்கியதில் வானத்துக்கு அப்படி என்ன நஷ்டம் என்று ஒரு கணம் தோன்றியது.

செல்வராஜ் மாற்றிக் கொடுத்தார். உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்து, புது கேஸ் ஏற்றி, "சூப்பரா இருக்கு சார், போயிட்டு வாங்க" என்றார்.

அந்த ஞாயிறு ஜீயபுரம் போனோம். திரும்பும்போது வசந்தா தூங்கினாள்.

எனக்கு அந்தப் பிற்பகல் இப்போதும் கனவு மாதிரிதான் இருக்கிறது. ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றிலும் பூனை நடை. ஹாரனைத் தொடவே இல்லை. மூச்சைக்கூட மெல்லத்தான் விட்டேன். வாழை இலைகள் சத்தமில்லாமல் ஆடின. தூரத்தில் மலைக்கோட்டை, மஞ்சள் வெயிலில், காற்றில் மிதக்கிற மாதிரி நின்றது. ஊரே இவளை எழுப்பிவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டதோ என்னவோ! பாலம் வந்தது. கண்ணைத் திறந்தாள். "அதுக்குள்ள வந்துட்டமா?"

மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சந்தோஷம் இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. ஏசியிலிருந்து மறுபடியும் சூடான காற்று. வசந்தா கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

செல்வராஜ் தலையைச் சொறிந்தார். எங்கே கசிகிறது என்று சரியாகப் பார்க்காமல் கேஸ் ஏற்றிவிட்டார் — அவசரம். அதைப் பாதி ஒப்புக்கொண்டு, மீதியை வெயில் மேல் போட்டார். இந்தத் தடவை கேஸோடு ஒரு சாயமும் கலந்து ஏற்றி அனுப்பினார். எங்கே கேஸ் கசிகிறதோ அங்கே சாயமும் வந்து நிற்கும், நீல டார்ச் அடித்தால் மின்னும் என்றார்.

சில நாள் ஓட்டிவிட்டுப் போனோம். அன்றைக்கு வசந்தாவும் கூட வந்தாள். காரை உள்ளே விடச் சொல்லி, ஷட்டரை இறக்கி, கடையையே இருட்டாக்கினார் செல்வராஜ். டார்ச்சின் நீல வெளிச்சம் குழாய் குழாயாக நகர்ந்தது. ஒன்றுமில்லை... ஒன்றுமில்லை... திடீரென்று முன்பக்க க்ரில்லுக்குப் பின்னால் ஒரு பச்சைப் புள்ளி. மின்மினி வந்து உட்கார்ந்த மாதிரி. ஒரு நிமிடம் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அழகாக இருந்தது, அதனால் கோபம்கூட வரவில்லை.

அது எங்கே இருந்தது தெரியுமா? நாமத்துக்கு நேர் பின்னால்.

ஸ்ரீரங்கத்து வண்டிகளில் பார்த்திருப்பீர்கள் — முன்னால் பித்தளையில் திருநாமம், இரண்டு பக்கமும் சங்கும் சக்கரமும். எங்கள் காரிலும் உண்டு. ஒரு மழை நாளில் இந்தக் கார் சறுக்கி, ஜீயபுரத்துப் பக்கம் ரோட்டை விட்டு இறங்கி, வாழைத் தோட்டத்துக்குள் போய் நின்றது. மகள் பின் சீட்டில் இருந்தாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வீட்டுக்கு வந்ததும் வசந்தா செய்த முதல் காரியம், கோயில் ரங்கா ரங்கா கோபுர வாசலில் இந்த நாமத்தை வாங்கி வந்து காரில் மாட்டச் சொன்னதுதான்.

கூடவே கொடுத்த ஸ்க்ரூ அவளுக்குப் பிடிக்கவில்லை. குட்டையாக இருந்தது. யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விட்டால்? ஹார்டுவேர் கடைக்குப் போய், இருந்ததிலேயே நீளமான ஸ்க்ரூவாகப் பார்த்து வாங்கி வந்தாள். ஊரைக் காக்கிற பெருமாளுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு காவல்.

அந்த ஸ்க்ரூவின் முனை பின்பக்கம் நீண்டு, ஏசியின் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சர் குழாயைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கார் ஆடும்போதெல்லாம் உரசியிருக்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும். அலுமினியக் குழாய் எம்மாத்திரம்? அப்போது ஏசி ஏன் செத்தது என்பது இப்போதுதான் விளங்கியது.

ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்துவிடலாம், ஆனால் நாமத்தை எடுத்தாக வேண்டும் என்றார் செல்வராஜ். குட்டை ஸ்க்ரூ போட்டு மறுபடி அங்கேயே மாட்ட முடியாதா? முடியாது. ஸ்க்ரூ துருவேறிப் போய்விட்டது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். க்ரில் பிளாஸ்டிக்கோ வெயிலில் பொரிந்து கிடக்கிறது, இனி எதையும் தாங்காது.

வசந்தா இவ்வளவையும் கேட்டுக்கொண்டு, "வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தாள். "அன்னைக்கு நம்ம மூணு பேரையும் கையில தாங்கி இறக்கி விட்டாரு. எனக்குத் தூக்கம் வரலங்கறதுக்காக அவர அறுத்து எடுக்கச் சொல்றீங்களா?"

நாமத்தை மாட்டியது அந்தச் சம்பவத்துக்கு அப்புறம்தானே, காப்பாற்றியபோது அவர் காரில் இல்லையே என்று நான் வாதாடியிருக்கலாம். கணக்கு டீச்சரிடம் லாஜிக் எடுபடும். ஆனால் அப்போது பேசியது கணக்கு டீச்சர் இல்லை.

கார் வாசலில் நாமத்தோடும் வெக்கையோடும் நின்றது. அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் ஏறிக்கொண்டே போனது. பார்க்கப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை.

சித்திரை பிறந்தது. கோயிலில் கோடைத் திருநாள். பெருமாளுக்கு வெயில் தாங்காது என்று மண்டபத்தில் எழுந்தருளப் பண்ணி, பூவாகச் சாற்றிக் குளிர வைக்கிற உற்சவம். வசந்தா ஒரு சாயங்காலம் போனாள். திரும்பி வந்தபோது நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வராமல் நேரே காருக்கு முன்னால் போய் நின்றாள். முந்தானையில் எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்த ஒரு மல்லிகை. நாமத்தைத் தொட்டாள். சட்டென்று கையை எடுத்தாள். வெயில் இறங்கியும் பித்தளை சுட்டிருக்கிறது.

"அங்க அவருக்கு வேர்க்கக் கூடாதுன்னு ஊரே பூப் போடுது" என்றாள். "நான் இவர இத்தன வருஷமா வெயில்லயும் இன்ஜின் சூட்டுலயும் நிக்க வச்சிருக்கேங்க."

இந்த மாதிரி நேரத்தில் புருஷன் பேசினால் எல்லாம் கெட்டுவிடும்.

"உள்ள கூட்டிட்டு வந்துடலாம்."

மறுநாளே மன்னார்புரம். செல்வராஜ் ஸ்க்ரூவை அறுத்தபோது வசந்தா முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றாள். அப்புறம் அவர் குழாய் ஓட்டையை அடைத்து, மறுபடி கேஸ் ஏற்றினார். புளி போட்டுத் தேய்த்ததும் நாமம் புதுசாக மின்னியது. அதை டாஷ்போர்டில், ஏசி காற்று வருகிற இடத்துக்கு எதிரே வைத்தோம். ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடட்டுமா என்று செல்வராஜ் கேட்டார். வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். ஒட்டுகிற டேப் போதும்.

பிடித்ததைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று எல்லோருமே தேவைக்கு மேல் நீளமான ஸ்க்ரூவைத்தான் தேடுகிறோம். அது பின்பக்கம் எதைக் குத்துகிறது என்று யார் எட்டிப் பார்க்கிறோம்?

போன ஞாயிறு ஜீயபுரம் போய்விட்டுத் திரும்பினோம். முத்தரசநல்லூரில் தலை சாய்ந்தது. சத்திரம் போனது, பாலம் வந்தது. வழக்கமான கேள்வியை எதிர்பார்த்தேன். வரவில்லை. கண் திறக்கவே இல்லை. பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். தாங்கும். வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே போய், ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி பாலம் ஏறினேன். கீழே காவிரி, மணல் பாதி தண்ணீர் பாதியாக வெயிலில் படுத்திருந்தது. அதுவும் தூங்குகிற மாதிரிதான் இருந்தது. திரும்பினேன். மறுபடி போனேன். அப்போதுதான் அந்தப் போலீஸ்காரர் நிறுத்தினார்.

அவர் விட்ட பிறகும் இன்னொரு சுற்று. வெயில் சாய்ந்து பாலத்தில் வரும்போது வசந்தா அசைந்தாள்.

"அதுக்குள்ள வந்துட்டமா?"

"ஆமா, இப்பதான்" என்றேன்.

அவள் கையை நீட்டி நாமத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்திருக்கிறது. "பாவம், குளிருது" என்று தன் கர்ச்சீப்பை எடுத்து அதன்மேல் போர்த்திவிட்டாள். அப்படியே மறுபடி சாய்ந்து, தூங்கியும்விட்டாள்.

நான் வண்டியைத் திருப்பினேன். இந்தத் தடவை போலீஸ்காரர் கேட்கவில்லை, மற்ற வண்டிகளை நிறுத்தி எனக்கு வழிவிட்டார்.