அறைச் சாவியோடு வந்தவர்கள்

பலெர்மோவில் அந்த ஹோட்டல்காரர் எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டியபோது, என் கணவரின் கை நீட்டியபடியே மேசையில் இருந்தது. திருப்பித் தருவார் என்று நினைத்த கை. ஹோட்டல்காரர் அதைக் கவனிக்கவேயில்லை. வயதான மனிதர், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எங்கள் விபரத்தைப் போலீசுக்கு அனுப்ப வேண்டும், பாஸ்போர்ட்டை நாளைக்குத் தருகிறேன் என்பதை, "போலீஸ், டுமாரோ" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்.

இத்தாலியில் ஹோட்டலில் தங்குகிற எல்லோருக்கும் அதுதான் நடைமுறை. மகள் முன்பே சொல்லித்தான் அனுப்பினாள். ஆனால் இவருக்கு 'போலீஸ்' என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. நான் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தால் மனுசன் இன்னும் அந்த லாச்சியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"இஞ்சேருங்கோ, வாங்கோ. அவர் தின்னவே போறார் உங்கடை பாஸ்போட்டை?" என்றேன்.

எனக்கு இப்படித்தான் வாய். பயம் வந்தால் கூடுதலாக வரும்.

நாங்கள் நியூசிலாந்தில், ஆக்லாந்தின் கிளென்ஃபீல்டில் இருக்கிறோம். அவர் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், நான் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். லீவு என்றால் காரில் போய் இரண்டு நாள் வெந்நீர்க் குளத்தில் கால் நனைத்துவிட்டு வருகிற ஆட்கள்தான். பலெர்மோவுக்குப் போனது அவருடைய அக்காவின் மகளுக்குக் கலியாணம் என்பதால். அந்த அக்கா, எனக்கு மச்சாள், அந்த ஊரில் நெடுங்காலமாக இருக்கிறா. அங்கே எங்கள் சனமும் நிறைய. ஜெர்மனியிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வந்தவர்களால் அவவின் வீடு நிறைந்து, குசினி வாசல் வரைக்கும் பாய் விரித்திருந்தார்கள். குளிக்கிறதுக்கு வரிசையில் நிற்க என்னால் ஏலாது என்று சொல்லி, மகளைக் கொண்டு மலிவாக ஒரு ஹோட்டல் பிடித்தேன்.

"சொந்த அக்காவின்ரை வீடு இருக்க ஹோட்டலிலையோ தங்குவியள்? பாக்கிற சனம் என்ன கதைக்கும்?" என்று மச்சாள் போனில் மூக்கைச் சிந்தினா. சமாளித்தோம்.

ஹோட்டல் ஒரு பழங்காலக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. படிகள் நடந்து நடந்து நடுவில் குழி விழுந்திருந்தன. அறைக்குள் இரும்புக் கட்டில், ஒரு கதிரை, சுவரோடு ஒட்டிய முகம் கழுவும் தொட்டி. ஆள் உயர ஜன்னலைத் திறந்தால் ஒரு பாதம் வைக்க மட்டும் இடமுள்ள பால்கனி. கீழே சந்தைக் கடைகளின் சிவப்புப் படங்குக் கூரைகள், அவற்றுக்கு மேலே தேவாலயமொன்றின் கோபுரம். எனக்கு இடம் நன்றாகவே பிடித்தது. இவர் ஜன்னல் வழியாக வீதியைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார்.

"இந்தப் படியைத் தவிர வேறை வழி இல்லைப் போல," என்றார்.

"எதுக்கு வேறை வழி?"

எனக்கும் கேட்கத் தேவையில்லைத்தான்.

இலங்கையில் யுத்த காலத்தில் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்து லொட்ஜுகளில் தங்கியவர்களுக்கு இது விளங்கும். அடையாள அட்டையை மனேச்சரிடம் கொடுக்க வேண்டும். அவர் பெயரைப் பதிய வேண்டும். பிறகு ஒரு நாள் சோதனைக்கு வருகிறவர்கள் நேரே உங்கள் அறைக்கு வருவார்கள், உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இவரை அப்படி ஒரு லொட்ஜிலிருந்துதான் கொண்டுபோனார்கள். அப்போது எங்களுக்குக் கலியாணமாகவில்லை. எவ்வளவு காலம் உள்ளே இருந்தார், என்ன நடந்தது என்று என்னிடம் இன்றைக்கு வரை சொன்னதில்லை. முதுகில் உள்ளதை நான் பார்த்திருக்கிறேன். நானும் கேட்டதில்லை.

கிளென்ஃபீல்டில் ஒருமுறை பக்கத்து வீட்டுக் கார் களவு போனதை விசாரிக்க ஒரு போலீஸ்காரர் எங்கள் கதவைத் தட்டினார். இவர் கழிப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். மகள் வாசலில் நின்று அந்தப் போலீஸ்காரப் பெடியனோடு ரக்பி பற்றிச் சிரித்துச் சிரித்துக் கதைத்தாள். அவன் போய் வெகுநேரமாகியும் இவர் வெளியே வரவில்லை. வயிற்றைக் கலக்குது என்றார், அத்தோடு விட்டோம்.

அன்றிரவு கதிரையைக் கதவுக்கு முண்டு கொடுத்து வைத்துவிட்டு, போட்ட காற்சட்டையோடேயே படுத்தார். "விசரே உங்களுக்கு, இது இத்தாலி," என்று புறுபுறுத்தேன். அவர் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் தூக்கம் வரவில்லை. மாடிப்படியில் யாரோ ஏறும் சத்தம் கேட்டபோதெல்லாம் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தோம்.

காலையில் வழமைபோல் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டார். அவருக்குச் சீனி வருத்தம், ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும். சாப்பாட்டு அறை அந்த லாச்சி மேசைக்கு நேரெதிரே. கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்து கட்டிலில் இருந்தார்.

"நீர் குளிச்சிட்டு வாரும். ரெண்டு பேருமாப் போவம்."

நான் குளித்துத் தலையைத் துவட்டிக்கொண்டு குளியலறையிலிருந்து வெளியே வந்தேன். ஆள் இல்லை. கட்டிலில் அவருடைய போன் கிடந்தது. ஹோட்டல் பெயரும் அறை இலக்கமும் பொறித்த தகடு தொங்கும் அறைச் சாவியைக் காணவில்லை.

சாப்பாட்டு அறையில் பார்த்தேன், இல்லை. மேசையில் ஹோட்டல்காரரும் இல்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கையால் கேட்டேன். அவள் படியைக் காட்டினாள், கீழே போய்விட்டாராம். லாச்சியை இழுத்துப் பார்த்தேன், பூட்டியிருந்தது. மொழி தெரியாத ஊரில், போனும் இல்லாமல், பாஸ்போர்ட்டும் இல்லாமல் இந்த மனுசன் எங்கே போயிருப்பார்? அறைக்கு ஓடிவந்து பால்கனியில் ஒரு காலை வைத்து எட்டிப் பார்த்தேன். சந்தைக்குள் ஒரே தலைகள். அந்த நேரம் ஒரு போலீஸ் கார் மெதுவாக வந்து எங்கள் கட்டட வாசலில் நின்றது. இரண்டு பேர் இறங்கி அண்ணாந்து பார்த்தார்கள்.

உள்ளே வந்து கதவைச் சாத்திச் சங்கிலியை மாட்டினேன். கதிரையை இழுத்து முண்டு கொடுத்தேன். இரவு அவரைத் திட்டிய அதே நான்தான். காலடிகள் படியேறி, அறைகளுக்கு முன்னால் உள்ள நடையோடை வழியாக, வேறெந்தக் கதவிலும் நிற்காமல் நேரே எங்கள் அறைக்கு வந்தன.

தட்டினார்கள். திறக்காமல் இருக்கலாமா என்று யோசித்தேன். திறக்காவிட்டால் உடைப்பார்கள். கதிரையை நகர்த்தி, சங்கிலியை எடுக்காமல் கொஞ்சம் திறந்தேன். ஒருவர் தாடிக்காரர், மற்றவர் சின்னப் பெடியன். பெடியன் கையில் எங்கள் அறைச் சாவி.

சாவி அவர்கள் கையில் என்றால் மனுசனும் அவர்கள் கையில்.

பெடியன் சாவியை உயர்த்திக் காட்டினான். "திஸ் ரூம். எ மேன். யுவர் ஹஸ்பண்ட்?"

"நோ," என்றேன்.

அவன் கண் எனக்குப் பின்னால் போனது. கட்டிலடியில் இவருடைய சப்பாத்து. சுவரில் கலியாணத்துக்குப் போடக் கொண்டுவந்த கோட்டு. தொட்டியில் சவரக் கத்தி. அவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மறுபடியும் மெதுவாகக் கேட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன், எனக்கு அப்படி யாரையும் தெரியாது, நான் தனியாக வந்தவள் என்று.

அந்த லொட்ஜுகளில் நானும் அம்மாவோடு விசாவுக்காகக் காத்துக் கிடந்தவள். அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு அது. ஒருவரைப் பிடித்தால் மற்றவர் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். தெரியும் என்றால் இரண்டு பேரையும் ஏற்றுவார்கள், பிறகு வெளியே நின்று தேட ஆள் இருக்காது. தெரியாது என்று சொன்னவர் அடுத்த நிமிடமே ஓட வேண்டும், வக்கீலிடம், சொந்தக்காரரிடம், யாரைப் பிடிக்கலாமோ அவரிடம். நான் அதைத்தான் செய்தேன். யோசித்துச் செய்யவில்லை, வாய் தானாகச் சொன்னது.

பெடியன் "ஹொஸ்பிட்டல்" என்றும் ஏதோ சொன்னான். நான் நம்பவில்லை. ஒரு சின்ன விசாரணை, ஒரு கையெழுத்து, வந்து போங்கோ என்றுதான் அங்கேயும் கூப்பிடுவார்கள். தலையை ஆட்டிக் கதவைச் சாத்தினேன். வெளியே இரண்டு பேரும் தங்களுக்குள் கதைத்தார்கள். பிறகு காலடிகள் விலகின.

கிளென்ஃபீல்டில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். மகள் உடனே போனை எடுத்தாள்.

"பிள்ளை, அப்பாவைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். போலீஸ் வந்தது. நான் தெரியாது எண்டு சொல்லிப்போட்டன். மாமிக்கு உடனை போன் அடி, ஒரு வக்கீலைப் பிடிக்கச் சொல்லு."

அவள் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஊசி போட்டபிறகு டாட் சாப்பிட்டாரா?

ஐயோ, அவர் சாப்பிடவில்லை. போலீஸ் இங்கே வருமென்று பயந்து, ஊசியைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு அந்த வெயிலுக்குள் போயிருக்கிறார். எங்கேயோ விழுந்திருக்கிறார். இன்னார் என்று சொல்ல அவரிடம் ஒரு துண்டுப் பேப்பர் கிடையாது, சட்டைப் பையில் இந்தச் சாவி மட்டும்தான். அதைப் பார்த்து ஆளைத் தேடி வந்தவர்களிடம் நான் என் புருசனை யாரென்றே தெரியாது என்று அனுப்பிவிட்டேன். ஒரு பயம் போய் அதைவிடப் பெரிய பயம் வந்தது. முதியோர் இல்லத்தில் சீனி இறங்கி மயங்கியவர்களை எத்தனையோ தரம் தூக்கியவள் நான். எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும்.

செருப்பும் போடாமல், ஈரத் தலையோடு படியில் இறங்கி ஓடினேன். அந்தக் குழிப் படிகளில் நான் உருளாமல் போனதே பெரிய காரியம். வாசலில் ஹோட்டல்காரர் அப்போதுதான் வந்து போலீஸ்காரர்களோடு கதைத்துக்கொண்டு நின்றார். நான் பெடியனின் கையைப் பிடித்தேன்.

"மை ஹஸ்பண்ட். மை ஹஸ்பண்ட்." வேறு ஒரு சொல்லும் வரவில்லை.

அவன் கோபிக்கவில்லை. ஏன் பொய் சொன்னாய் என்றும் கேட்கவில்லை. காரின் பின்கதவைத் திறந்து பிடித்தான். அதற்குள் ஏறத்தான் எனக்குக் கால் எழவில்லை. என்னுடைய அண்ணா, என்னோடு படித்த பெடியள் என்று எத்தனையோ பேர் இப்படி ஒரு வண்டியில் ஏறியதைப் பார்த்தவள் நான், அவர்களில் பாதிப் பேரைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அவர் அங்கே கிடக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறினேன். ஹோட்டல்காரர் மேலே போய் மூச்சிரைக்க ஓடிவந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் ஜன்னலால் என் மடியில் போட்டார். போகிற வழியெல்லாம் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கப் பயமாக இருந்தது. பெடியன் திரும்பிப் பார்த்து ஏதோ ஆறுதலாகச் சொன்னான், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரி வார்டில் கடைசிக் கட்டிலில் அவர் கிடந்தார். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. சந்தைக்குள் மீன் கடைக்கு முன்னால் விழுந்தாராம். நெற்றியில் கட்டுப் போட்டிருந்தார்கள். கண் திறந்திருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற சீருடையைப் பார்த்தார். கையை மெதுவாக என்னிடமிருந்து இழுத்துக்கொண்டார்.

பெடியன் சிரித்தபடி, "யுவர் வைஃப்," என்றான்.

"நோ," என்றார் அவர். குரல் சரியாக வரவில்லை, ஆனாலும் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "ஐ டோன்ட் நோ திஸ் லேடி." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெடியன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனான்.

நான் கட்டில் ஓரத்தில் இருந்தேன். அவர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"போயிட்டாங்களோ?"

"ஓம். போயிட்டாங்கள்."

"இஞ்சேரும். நீர் என்னைத் தெரியுமெண்டு சொல்லேல்லைத்தானே?"

"இல்லை," என்றேன். "சொல்லேல்லை."

அவர் கண்ணை மூடினார். மூடியபடியே என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.