மார்கழியில் உறைந்த எண்ணெய்

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய அடுத்த வருஷம் நான் ஒரு கல்யாண பேண்டில் இருந்தேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், சுருதி தெரியாதவன். ஆள் கணக்குக்காகப் பெரிய குழல் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டே சுரங்களை மாற்றி மாற்றி ஊதுவேன். படுக்கை தருமபுரத்தின் ஓரத்தில், வாத்தியங்கள் தொங்கிய தகரக் கொட்டகையில்.

எங்களில் உண்மையாகவே ஊதத் தெரிந்தவன் ஒருவன்தான். என் வயதுக்காரன். மற்றக் குழல்களெல்லாம் பேண்டு முதலாளியுடையவை. அவன் ட்ரம்பெட் மட்டும் அவனுடைய சொந்தம்.

ட்ரம்பெட்டில் கொண்டை ஊசி போல வளைந்த குழாய் ஒன்று உண்டு. வெளியே இழுத்தால் சுருதி இறங்கும், உள்ளே தள்ளினால் ஏறும். நாங்கள் அதை இழுப்பு என்போம். விரலால் அமுக்கும் பிஸ்டன்களுக்குத் தண்ணீர் போல ஓடும் எண்ணெய் போதும். இழுப்புக்கு அது ஆகாது. வைத்த இடத்தில் நிற்க வேண்டும், இழுத்தால் வர வேண்டும், காற்றும் கசியக் கூடாது. ஆளாளுக்கு ஒன்றைப் பூசிப் பார்த்திருந்தோம். விளக்கெண்ணெய் ஒரு மாதத்தில் பிசினாகிவிடும். நெய்க்கு எறும்பு வரும். மாட்டுவண்டி அச்சுக்குப் போடும் மை சட்டையைக் கெடுப்பதோடு பித்தளையையும் அராவும். அவனிடம் மட்டும் சரியான சரக்கு இருந்தது. பிரெஞ்சுக்காரர்களோடு கப்பலேறிப் போன ஒரு வாத்தியக்காரர் விட்டுப் போன சின்னத் தகர டப்பா. ஆட்டு ரோமத்துக் கொழுப்பில் மெழுகு கலந்தது என்றான். திறந்தால் மழையில் நனைந்த ஆட்டு வாடை அடிக்கும்.

மார்கழியில் கல்யாணம் இல்லை. பேண்டு கலைந்தது. வடக்கே பூவம் கிராமத்தில் அவன் பெண்டாட்டிக்குப் பேறுகாலம். ட்ரம்பெட்டையும் டப்பாவையும் என்னிடம் கொடுத்தான்.

"நாலு நாளைக்கு ஒருக்கா இழுப்ப வெளில எடு. துணியால தொடச்சிட்டு, டப்பாலேர்ந்து ஒரு பட்டாணி அளவு பூசி உள்ள தள்ளு. உப்புக் காத்துடா. விட்டா புடிச்சிக்கும்."

"கையோட எடுத்துட்டுப் போயேன்."

"அங்க ஒழுகாத எடமா பாத்து எலி படுத்திருக்கு. இத எங்க வைப்பேன்?"

பொங்கல் கழிந்ததும் புதுச்சேரியில் மாதச் சம்பளத்துக்கு ஒரு பேண்டில் ஆள் எடுக்கப் போவதாக அவனுக்குச் சேதி வந்திருந்தது. கிளாரினெட்டில் ஒரு சுரம் கொடுப்பார்கள். அதோடு தன் குழலைச் சேர்த்துவிட்டுத்தான் வாசிக்க வேண்டும். சேராதவனை அப்படியே அனுப்பிவிடுவார்கள். மாதச் சம்பளம் என்ற வார்த்தையை அவன் மெதுவாகச் சொன்னான்.

பேண்டு இல்லாத மாதத்தில் எனக்குச் சோறு பட்டினச்சேரியில் இருந்தது. விடியுமுன் நடந்து போய், கரையிலிருந்து மீன்கூடை சுமப்பேன். செருப்பு கிடையாது. பனியில் குதிகால் வெடித்தது. வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கினால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஒருநாள் ரத்தம் வந்தது. கூடையைக் கீழே போட்டால் அடுத்த நாள் கூப்பிட மாட்டார்கள்.

அன்று இரவு டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்துக் குதிகாலில் தேய்த்தேன். காலையில் எரிச்சல் பாதியாகியிருந்தது. மறுநாளும் எடுத்தேன். பிறகு தினமும்.

எங்கள் பேண்டில் பெரிய டிரம் அடிக்கும் பாய், டிரம்மின் தோலை இறுக்கிவைக்க ஒருநாள் வந்தபோது இதைப் பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, பொண்ணு பாக்கப் போறியா? காலுக்கெல்லாம் பூச்சு நடக்குது?"

"வெடிப்பு பாய்."

"நம்ம வீட்டம்மா காலுக்கும் கொஞ்சம் தாயேன். ராத்திரி போர்வைய எல்லாம் கிழிக்கிறா."

சிரித்தோம். பத்துப் பன்னிரண்டு நாளில் டப்பாவின் அடித்தகரம் தெரிந்தது.

அப்போது ஒரு விடியற்காலையில் மாடத்தில் இருந்த தேங்காய் எண்ணெய்ப் புட்டியைப் பார்த்தேன். பனிக்கு வெள்ளையாக உறைந்து கிடந்தது. ஈர்க்கு விட்டுத் தோண்டினால் மெழுகு போலக் கட்டியாக வந்தது. இழுப்புக்குக் கெட்டியான சரக்கு வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. இது கெட்டியாக இருந்தது. பூசினேன். குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மனசு நிம்மதியாகி, டப்பாவையும் அதனால் நிரப்பி வைத்தேன். நாலு நாள் கழித்து இழுத்தேன், வந்தது. இவ்வளவு லகுவாக வருவதை எதற்குத் திரும்பத் திரும்ப இழுப்பது என்று அதோடு விட்டுவிட்டேன். நான் கொட்டகையில் இருந்தது பனி நேரத்தில்தான். உச்சி வெயிலில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே எண்ணெய் என்ன ஆகும் என்று பார்க்க நான் அங்கே இல்லை.

பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம் அவன் வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பாயும் இருந்தார்.

"புள்ள எப்படிடா?" என்று கேட்டேன்.

"பொண்ணு. இருக்கு. பெத்தவளுக்குப் பால் இல்ல. கஞ்சித் தண்ணி ஊத்துறாங்க. காலைல புதுச்சேரி பஸ்ஸு எனக்கு."

ட்ரம்பெட்டை இறக்கி இழுப்பில் விரல் வைத்தான். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். குழாய் உள்ளே போகும் விளிம்பைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு கட்டியிருந்தது.

"என்னத்தடா பூசுன?"

"டப்பால இருந்தததான்."

வார்த்தை அளவில் அது பொய் இல்லை. பாய் அவனைச் சமாதானப்படுத்தவென்று சொன்னார், "டப்பா மருந்து நல்ல மருந்துதான் தம்பி. இவன் காலப் பாரு, வெடிப்பெல்லாம் மாயமாப் போச்சு."

அவன் டப்பாவைத் திறந்தான். மத்தியான வெயிலில் உள்ளே எண்ணெய் உருகித் தெளிவாகத் ததும்பியது. குழாயில் பூசியதும் இப்படியே உருகி வடிந்திருந்தது. விரலை விட்டு முகர்ந்தான். பிறகு என் குதிகால்களைப் பார்த்தான். பாய்க்கு அப்போதுதான் விளங்கியது. சொன்னதைத் திரும்ப விழுங்குகிறவர் மாதிரி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"ஆறிடுச்சா?" என்றான்.

"ஆறிடுச்சு."

மாலைவரை மூவரும் அதோடு மல்லுக்கட்டினோம். மண்ணெண்ணெய் விட்டோம். வெந்நீர் ஊற்றினோம். வளைவுக்குள் துண்டை நுழைத்து நானும் பாயும் இரண்டு பக்கமும் இழுத்தோம். குழாய் அசையவில்லை, அதைத் தாங்கியிருந்த ஈயப் பற்றுதான் பட்டென்று விட்டது. முதலாளியின் ட்ரம்பெட் ஒன்று தொங்கியது. அதில் நடுப் பிஸ்டன் அமுக்கினால் எழும்பாது. அவன் அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினான். தன்னுடையதில் விட்ட இடத்தை நூலால் சுற்றி, மெழுகுவர்த்தியை உருக்கி ஒட்டினான்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தான். பாயிடம்தான் சொன்னான்.

"சுருதி கிளாரினெட்டுக்கு மேலயே நின்னுச்சு, பாய். எறக்க வழியில்ல. உதட்டாலயே எறக்கிப் பாத்தேன். ரெண்டு வரி தாங்குச்சு. போதும், எறங்கிக்கன்னுட்டாங்க."

"மறுபடி எடுப்பாங்கல்ல?"

"எடுப்பாங்க. எப்பன்னு அவங்களுக்கே தெரியாது."

பூவத்தில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. அரிவாள் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ட்ரம்பெட்டைச் சாக்கில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தான். டப்பாவை எடுத்துப் போகவில்லை. தெருமுனை வரை அவன் பின்னாலேயே போனேன். அவன் திரும்பாததால் நின்றுவிட்டேன்.

தை மாதத்து முதல் கல்யாணத்துக்கு முதலாளி வேறொருவனை அழைத்து வந்தார். அந்த ஊர்வலத்துக்கு நான் இருக்கவில்லை. ஒரு விடியற்காலை தெற்கே கிளம்பினேன். பத்துப் பன்னிரண்டு மைல் ஒரே மூச்சில் நடந்தேன். கால் வலிக்கவே இல்லை.

அந்தப் பெண் குழந்தை பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது. பிற்பாடு எத்தனையோ ஊர்களுக்குப் போனேன். பூவம் வழியாகப் போகும் பஸ்ஸில் மட்டும் ஏறியதில்லை.