தோற்றவர் வைத்திருக்கும் பந்து

இன்று காலை கடலூர் பஸ்ஸை பிரெஞ்சு–பிரிட்டிஷ் எல்லைச் சுங்கச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். வழக்கம்போல எல்லோரும் இறங்கி மூட்டையை அவிழ்த்துக் காட்டினோம்.

எனக்கு முன்னால் நின்றவரின் பையிலிருந்து ஒரு கிரிக்கெட் பந்து உருண்டது. நிமிர்ந்து பார்த்தால் தாமோதரன், கடலூர் தாலுகா அணியின் கேப்டன்.

நான் எல்லைக்கு இந்தப் பக்கம், பிரெஞ்சு ஆட்சியிலுள்ள பாகூர் கொம்யூன் அணியின் கேப்டன். ஒரு எல்.பி.டபிள்யூ. தகராறுக்குப் பிறகு மைதானத்துக்கு வெளியே நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

எங்கள் இரு அணிக்கும் நடக்கும் பொங்கல் ஆட்டத்தில் தோற்ற அணிதான் அடுத்த பொங்கல்வரை இந்தப் பந்தை வைத்திருக்க வேண்டும். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியட்டும் என்று முதல் ஆட்டத்திலேயே வைத்த விதி. போன முறை தோற்றது அவர்கள்.

“நேத்து இத்த குடுக்கலாம்னு உன் வூட்டு வாசல் வரைக்கும் வந்தேன்பா. கூப்புட வாய் வரல,” என்றார்.

“இன்னா ஆச்சி?”

“பர்மா சண்டைக்குப் போனதுல நாலு பேரு செத்துட்டாங்கன்னு தந்தி வந்துடுச்சி. ஒருத்தன் கால் இல்லாம வந்துட்டான். மீதி ஆறு பேருதான் இருக்கோம், இனிமே எப்புடி ஆடறது?”

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிய எங்கள் ஆறு பேரிடமிருந்து கடிதம் வந்தே வெகுகாலமாகிறது.

“நாங்க அஞ்சு பேருபா,” என்றேன்.

காவல்காரர் பந்தைத் தூக்கிக் காட்டி, “யாருது இது?” என்று அதட்டினார்.

இருவருமே கை நீட்டினோம்.

இரண்டு ஊரும் சேர்ந்தால் சரியாகப் பதினோரு பேர். எங்களோடு ஆட இன்னும் முழு அணி வைத்திருக்கும் ஊர் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.