முகப்பில் ஒரு பின்வாசல்

தொண்ணூறுகளின் கடைசியில், பிரிக்பீல்ட்ஸில் மேம்பால வேலை நடந்த காலத்தில், கடைகளுக்கு இணையத்தில் ஹோம்பேஜ் செய்து கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். "அப்படின்னா என்னம்மா?" என்று கேட்காத கடைக்காரரே அப்போது கிடையாது. கேட்காமல் தானாகவே என்னைத் தேடி வந்த முதல் ஆள் கோவிந்த் அண்ணன். குத்துவிளக்கு, சீர்த்தட்டு, பன்னீர்ச் செம்பு என்று கல்யாணச் சாமான் விற்பவர். மேம்பால வேலைக்காக அவர் கடைக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு மேல் ஜிங்க் தகரம் அடித்து மறைத்துவிட்டார்கள். கடையையே மூடிவிட்டார் என்று வாடிக்கையாளர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

"தைக் கல்யாணம் வரைக்கும் பாப்பேன்மா. ஆள் வரலன்னா சாவியக் குடுத்துட்டு மச்சானோட லோரி கம்பெனிக்குப் போயிடுவேன் லா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி லெட்சுமி அக்கா சிரிக்கவில்லை.

இணையம் பார்க்கிறவர்கள் அன்று குறைவு. ஆனால் கல்யாணப் பெண்கள் பலர் ஆபீஸ் வேலையில் இருந்தார்கள், அங்கே கம்ப்யூட்டர் இருந்தது. பெண்ணைப் பிடித்துவிட்டால் அம்மா, அத்தை, சித்தி எல்லாரும் கூடவே வருவார்கள். இதுதான் என் கணக்கு.

அண்ணன் ஆசைப்பட்டது வேறு. ஹோம்பேஜ் நிறையக் கடை முகப்பின் பழைய போட்டோ, இரண்டு பக்கமும் சுற்றும் விளக்கு, போதாக்குறைக்கு நாதஸ்வரம். மறுக்காமல் செய்து, இருவரையும் என் மாடி அறைக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். போன் லைனில் வரும் டயல்-அப்பில் அந்தப் படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. பெயர்ப்பலகை முழுதாகத் தெரிவதற்குள் அக்கா கீழே போய்க் காப்பி வாங்கிக்கொண்டு வந்தேவிட்டார்.

படம் வேகமாக வந்தாலும் பயனில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த முகப்பைத் தேடி வருகிறவர் தகரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். உள்ளே வர இருந்த ஒரே வழி பின்பக்கச் சந்து. அதனால் முதல் படமாகப் பின்வாசலைப் போடலாம் என்றேன்.

அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. "கல்யாணச் சாமான் வாங்க வர்றவங்கள பின்வாசல் வழியாவா கூப்பிடுவ? நல்ல காரியம்மா இது."

நியாயமான பேச்சு. நானும் இந்த ஊர்க்காரிதான், எனக்கும் உறைத்தது. அதற்காக விட்டுவிடுகிற ஆள் இல்லை நான். மறுநாள் போய், 'பின்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடலாம் என்றேன். 'கடை திறந்திருக்கிறது. வாசல் இப்போது சந்துப் பக்கம்.' பக்கத்தின் முதல் வரி இவ்வளவுதான். அன்று எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழ் எழுத்து வராது என்பதால் அந்த வரியைச் சின்னப் படமாக வைத்து, கீழே ஆங்கிலத்திலும் போட்டேன். அதற்கடுத்து வாசலின் படம், ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும் வழி, போன் நம்பர். விளக்கும் சுற்றவில்லை, நாதஸ்வரமும் ஊதவில்லை.

அண்ணன் அரைமனதாகத் தலையாட்டினார். மற்றதை அக்கா பார்த்துக்கொண்டார். சந்து முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சாக்கடை மேல் பலகை போட்டு, மாவிலை கட்டி, பெரிய தாமரைக் கோலம் போட்டார். அதைப் படம் எடுத்து ஸ்கேன் செய்து, கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தாலும் கோலம் பளிச்சென்று தெரிகிற மாதிரி செய்து ஏற்றினேன். அந்த வேலையில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு.

சில வாரம் கழித்துக் கடைக்குப் போனேன். அதே தாமரை. தினமும் இதேதானா என்று கேட்டேன்.

"படத்துல இதப் பாத்துட்டுத்தானே வராங்க? மாத்திப் போட்டா வேற கடைன்னு போயிடுவாங்கம்மா" என்றார் அக்கா.

நாளுக்கொரு கோலம் போட்டுப் பழகிய கை அது.

பேசிக்கொண்டிருக்கும்போதே சந்து முனையில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வந்து நின்றார்கள். ரவாங்கிலிருந்து ரயிலில் வந்தவர்கள். பெண் கையில் நான் செய்த பக்கத்தின் பிரிண்ட். அம்மா சந்தைப் பார்த்துத் தயங்கினார், அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. பெண் தாளையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதே கோலம்தான் என்றாள்.

அண்ணன் கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்தார். "ஆமாம்மா, இதான் வாசல். வாங்க" என்றார்.

அந்த அம்மா கோலத்தை மிதிக்காமல் சுற்றி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்.

அந்தத் தையில் கடை மூடவில்லை, அதற்கடுத்த தையிலும் மூடவில்லை. பிறகு பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் பக்கம் செய்திருக்கிறேன், பாராட்டும் வாங்கியிருக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடைக்காரரின் ஆசையைப் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு வெளியே போய், வருகிறவர் எந்த இடத்தில் தயங்கி நிற்கிறார் என்று பாருங்கள். அந்த இடத்துக்குத்தான் முதல் வரி எழுத வேண்டும். சரியாக எழுதினால், வலது காலை வைத்து உள்ளே வருவார்கள்.